ஒழுங்கைக்கு எந்த ரயர்?

அச்சுவேலிச் சந்தைப் பக்கம் போனால் சுசுகி வேகன் ஆர் ஒன்றாவது கண்ணில் படாமல் இருக்காது. அதில் எஃப்எக்ஸ் வகை ஒன்றும் ஸ்டிங்ரே வகை ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒருக்கால் குனிந்து ரயரைப் பாருங்கள். எஃப்எக்ஸில் பெரும்பாலும் 155/65 ஆர் 14 என்று அடித்திருக்கும். ஸ்டிங்ரேயில் 165/55 ஆர் 15. முதல் எண் ரயரின் அகலம், மில்லிமீற்றரில். கடைசி எண் றிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் நிற்கிற 65, 55 என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ரயரின் பக்கச்சுவர் எவ்வளவு உயரம் என்பதை அகலத்தின் நூற்றுவீதமாகச் சொல்லுகிற எண் அது. 155இல் 65 வீதம் ஏறக்குறைய 101 மில்லிமீற்றர். 165இல் 55 வீதம் 91 மில்லிமீற்றர்.

முழுச் சில்லின் விட்டத்தைக் கணக்குப் பார்த்தால் ஒன்று 557, மற்றது 562. ஐந்தாறு மில்லிமீற்றர்தான் வித்தியாசம். தூரத்தில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. ஆனால் றிம்முக்கும் வீதிக்கும் இடையில் இருக்கிற றப்பரும் காற்றும் ஸ்டிங்ரேயில் பத்து மில்லிமீற்றர் குறைவு. இதற்கு மேலும் 'அலோய்' றிம் மாற்றி 165/45 ஆர் 16 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது பக்கச்சுவர் 74 மில்லிமீற்றருக்கு இறங்கிவிடும். விட்டம் 555, ஆகவே அளவில் பிழை சொல்ல இடமில்லை. கார் பார்க்க நல்ல வடிவாகவும் இருக்கும். பிழை வீதியில்தான் தெரியவரும்.

பருத்தித்துறை வீதியால் வரும்வரை ஒன்றுமில்லை, காப்பெற் போட்ட வீதி. அதிலிருந்து திரும்பி ஒழுங்கைக்குள் இறங்கினால் கதை வேறு. எதிரே பஸ்ஸோ உழவு இயந்திரமோ வந்தால் இரண்டு சில்லைத் தார் விளிம்புக்குக் கீழே விட்டுத்தான் வழிவிட வேண்டும். பிறகு அந்த விளிம்பை மிதித்துத்தான் மேலே ஏற வேண்டும். விளிம்பு அரித்துப்போன இடங்களில் அது கூரான படி. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல். கிரவல் கரைந்த இடத்தில் அந்தக் கல் முனை நீட்டிக்கொண்டு நிற்கும். மாரியில் வெள்ளம் நின்றால் பள்ளம் எது, மதகின் உடைந்த ஓரம் எது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

சில்லு அப்படியொரு பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது ரயர் நசியும். பக்கச்சுவர் உயரமாக இருந்தால் நசிவதற்கு இடம் இருக்கிறது. அடியின் பெரும்பகுதியை உள்ளே இருக்கிற காற்று வாங்கிக்கொள்ளும். உயரம் குறைந்தால் இடமும் குறைவு. கதவிடுக்கில் விரல் அகப்பட்ட மாதிரி, கல்லுக்கும் றிம்முக்கும் நடுவில் பக்கச்சுவர் நசுங்கும். வெளியே கீறல்கூடத் தெரியாது. உள்ளே பக்கச்சுவருக்குப் பலம் கொடுக்கிற நூலிழைகள் அறுந்திருக்கும். இரண்டொரு நாளில் அந்த இடத்தில் காற்று றப்பரை வெளியே தள்ளி, எலுமிச்சங்காய் அளவில் ஒரு புடைப்பு வரும்.

இந்தப் புடைப்பைப் பற்றித் திட்டமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் "காற்றைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டு ஓடுங்கோ, ஒண்டும் செய்யாது" என்று ஆலோசனை சொல்கிறவர்கள் எங்கும் இருக்கிறார்கள். புடைத்த ரயருக்கு வைத்தியம் கிடையாது. ஒட்டுப் போட முடியாது, சூடு காட்டி ஒட்டவும் முடியாது. காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் இன்னும் மடிந்து, சூடேறி, முன்னதாகவே வெடிக்கும். ரயரை மாற்றத்தான் வேண்டும். மாற்றும் வரை அதை முன் சில்லில் வைக்கவே கூடாது. பல யப்பான் கார்களில் மேலதிகச் சில்லு இல்லை. ஒரு போத்தல் பசையும் சின்ன பம்பும்தான் தந்திருப்பார்கள். ஆணி குத்தின ஓட்டையை அந்தப் பசை அடைக்கும். கிழிந்த பக்கச்சுவரை அடைக்காது. இராத்திரியில் வல்லை வெளியில் அப்படி நின்றுபோனால் உதவிக்கு வீடு வாசல் எதுவும் கிட்டத்தில் இல்லை.

பக்கச்சுவர் உயரம் குறைந்த இந்தத் தட்டை ரயரில் நன்மையே இல்லை என்று சொல்லவரவில்லை. 1970களில் இத்தாலியின் பிரெல்லி நிறுவனம் பந்தயக் கார்களுக்காக இந்த வகையைக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. பக்கச்சுவர் கட்டையானால் வளைவில் ரயர் நெளியாது. ஸ்டியரிங் திருப்பிய உடனேயே கார் திரும்பும். றிம் பெரிதானால் உள்ளே பெரிய பிரேக் வைக்கலாம். ஆனால் இவையெல்லாம் வேகத்தில் கிடைக்கிற பலன்கள். இலங்கையில் கார்களுக்கு நகருக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் எல்லை. நூறு போக விடுகிற அதிவேகப் பாதை எதுவும் வடக்கில் இல்லை. மணிக்கு 210 கிலோமீற்றர் தாங்குகிற ரயரைப் போட்டுக்கொண்டு அச்சுவேலியிலிருந்து ஆவரங்காலுக்குப் போவதில் என்ன இலாபம் என்று எனக்கு விளங்கவில்லை. அழகுக்குத்தான் என்றால் அது வேறு கதை, அவரவர் காசு.

காற்று விஷயத்திலும் தட்டை ரயர் ஏமாற்றும். 65, 70 போட்ட ரயரில் காற்று இறங்கினால் அடிப்பக்கம் பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், காலால் உதைத்துப் பார்க்கிறவர்கூடக் கண்டுபிடிப்பார். 50க்குக் கீழே போனால் பாதிக் காற்று இறங்கியும் பார்வைக்கு ஒழுங்காகத்தான் நிற்கும். அழுத்தமானி இல்லாமல் தட்டை ரயர் வைத்திருப்பது ஆபத்து. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு நிலையில் ஒட்டியிருக்கிற சிறிய தாளில் இருக்கும். எழுத்து யப்பான் மொழியாக இருந்தாலும் எண் எல்லாருக்கும் பொது: 220 கேபிஏ என்று இருந்தால் 32 பிஎஸ்ஐ. ரயரின் அளவும் அதே தாளில் இருக்கும். அதைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வாக்குவாதம் குறையும்.

அப்படியானால் உயரமான ரயரே போட்டுவிடலாமே என்று மறுபக்கத்துக்குப் பாய்கிறவர்களும் உண்டு. போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்டின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் உயரமான, ஒடுங்கிய ரயர்களோடுதான் குடாநாட்டு வீதிகளைச் சமாளித்தன என்பது உண்மை. ஆனால் அந்தக் கார்களை அந்த ரயருக்கென்றே கட்டினார்கள். எஃப்எக்ஸுக்கு 165/70 ஆர் 14 போட்டால் விட்டம் 557இலிருந்து 587 ஆகிவிடும், ஐந்து வீதத்துக்கு மேல். மீற்றர் 60 காட்டும்போது கார் 63இல் போகும். முழுக்கத் திருப்பினால் மட்காட்டின் உட்பக்கம் உராயும். ஆட்கள் ஏறினால் நேரே ஓடும்போதும் உராயலாம். விட்டம் மூன்று வீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்பது இந்தத் தொழிலில் பொதுவாகக் கைக்கொள்கிற கணக்கு.

இதைவிடப் பெரிய ஆபத்தொன்று வான்களில் இருக்கிறது. ஹயஸ் வானுக்கு வழமையாக வருவது 195/80 ஆர் 15. பக்கத்தில் 107/105 என்று சுமை எண் போட்டிருக்கும். 107 என்றால் ஒரு ரயர் 975 கிலோ தாங்கும். 'வானைப் பதிச்சு விட' என்று அதே வானுக்குக் கார் ரயர் போடுகிறார்கள். கார் ரயரில் சுமை எண் 91 என்றால் தாங்குவது 615 கிலோதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளையோ, சந்நிதிக்குப் போகிற குடும்பங்களையோ, வெங்காய மூட்டைகளையோ ஏற்றுகிற வாகனத்தில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. பிள்ளையை வானில் ஏற்றி விடுகிற பெற்றோர் ஓட்டுநரிடம் இந்த எண்ணைக் கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆண்டுதோறும் எடுக்கிற புகைச் சான்றிதழ் இந்தக் குறையைக் காட்டாது. அந்தப் பரிசோதனை பார்ப்பது புகையைத்தான், ரயரை அல்ல.

வாங்கப் போகிற இடத்தில் இன்னும் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கச்சுவரில் டொட் என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்குகிற வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த ரயர். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய கார்களை இழுத்துப் பிடித்து ஓட்டியவர்கள் பாவித்த ரயர் வாங்கப் பழகிவிட்டார்கள். பாவித்த ரயரில் பூ எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது போதாது. பூவின் இடுக்குகளில் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சின்ன மேடுகள் இருக்கும். பூ அதுவரை தேய்ந்தால் ரயர் முடிந்தது. றிம்மிலிருந்து கழற்றின ரயராக இருந்தால் உள்பக்கத்தில் கையை விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள். ஒட்டுத் தாளோ மடிப்போ கையில் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். மலையும் பனிச்செதிலும் வரைந்த அடையாளம் இருந்தால் அது பனி வீதிக்கு ஏற்றபடி செய்த ரயர். மென்மையான றப்பர். எங்கள் வெயிலுக்கு விரைவில் தேயும்.

இனி உரிமைப் பக்கம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. என்ன தேவைக்கு வாங்குகிறோம் என்பதைச் சொல்லி, விற்பவரின் தொழிலறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும் என்கிறது அது. மாறாக, இன்ன வர்த்தகப் பெயர் ரயர்தான் வேண்டும் என்று நாமே பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். பொருளைப் பார்த்துச் சோதித்து வாங்கியிருந்தால், அப்போதே கண்டிருக்கக்கூடிய குறையைப் பற்றிப் பிறகு பேசவும் முடியாது.

ஆகவே கடையில் பேசுகிற விதம் முக்கியம். "அண்ணை, 16 அங்குல அலோயோட ரயர் என்ன விலை?" என்று தொடங்குவதற்குப் பதிலாக, "அண்ணை, வேகன் ஆர் எஃப்எக்ஸ். ஒழுங்கைக்குள்ளதான் வீடு, நாளாந்தம் யாழ்ப்பாணம் போய் வாறது, பின்னால மூண்டு பேர் இருப்பினம். இதுக்கு எது சரி?" என்று கேளுங்கள். அவர் சொல்கிற அளவு, சுமை எண், தயாரித்த வாரம், வாகன இலக்கம், வாரண்டி எவ்வளவு காலம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டுக் கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. எழுதத் தயங்குகிற கடையில் வாங்காமல் விடுவதே மலிவு. வாரண்டித் தாளையும் வாசிக்க வேண்டும். தயாரிப்புக் குறைக்குத்தான் பெரும்பாலும் உத்தரவாதம், பள்ளத்தில் அடிபட்டதற்கு அல்ல. புடைப்பைப் பார்த்ததும் கடைக்காரர் "இது அடிபட்டது" என்று சொல்வதற்கு இதுதான் காரணம். பல நேரம் அவர் சொல்வதும் சரி.

ஆனால் புதிது என்று சொல்லிப் பழையதை விற்றாலோ, சொன்ன வாரண்டியை மறுத்தாலோ, காருக்குப் பொருந்தாத அளவைப் பொருந்தும் என்று சொல்லிப் பூட்டினாலோ பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இந்த மூன்று மாதத்தைத்தான் நம்மவர்கள் "பார்ப்பம், கதைப்பம்" என்று கரைத்து விடுகிறார்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். பற்றுச்சீட்டு, வாரண்டித் தாள், ரயரின் பக்கச்சுவர் எழுத்துகள் தெரிகிற படம், மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ரயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், அதுதான் சான்று. சிறு தொகைப் பிணக்குகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகுமுன் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். சட்டத்தரணி இல்லாமலே பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய இடம் அது.

காப்புறுதியைப் பொறுத்தவரை, முழுக் காப்புறுதி எடுத்தவர்களும் ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை வாசிக்க வேண்டும். வாகனத்தின் வேறு பகுதியும் சேர்ந்து சேதமானால் தவிர, ரயருக்கு மட்டும் பணம் இல்லை என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. அலோய் மாற்றினால் நிறுவனத்துக்கு எழுதி அறிவித்து, அறிவித்த கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள்.

ஏற்கெனவே தட்டை ரயரோடு கார் வாங்கியவர்கள் பழைய அளவுக்கு இறங்கலாமா என்று கேட்பதுண்டு. அதே மாடலுக்கு நிறுவனம் சிறிய றிம்மும் கொடுத்திருந்தால் பெரும்பாலும் இறங்கலாம். ஆனால் ஒரு முன்சில்லைப் பூட்டி, பிரேக் கலிப்பர் றிம்மில் தட்டுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்த பிறகே நாலையும் வாங்க வேண்டும். அலோய் விற்ற காசு புது ரயர்களின் செலவில் ஒரு பங்கைத் தாங்கும்.

வீதிப் பள்ளத்தால் றிம் உடைந்தால் யாரிடம் போவது? இங்கிலாந்தில் இருக்கிற நம் உறவினர்கள் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்தைக் காட்டி உள்ளூராட்சி மன்றத்திடம் நட்டஈடு கேட்பார்கள். அங்கும் வீதியை ஒழுங்காகப் பார்வையிட்டுப் பராமரித்தோம் என்று மன்றம் காட்டினால் கிடைக்காது. இங்கே அந்தளவு நேரான வழி இல்லை. முதல் சிக்கலே வீதி யாருடையது என்பதுதான்: பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடம், சில மாகாணத் திணைக்களத்திடம், ஒழுங்கைகள் வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையிடம். ஒருவர் மற்றவரைக் கைகாட்டினால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் எழுதுங்கள். இந்த வீதி யாருடைய பொறுப்பு, கடைசியாக எப்போது திருத்தினீர்கள், அடுத்த திருத்தத்துக்கு நிதி ஒதுக்கியாயிற்றா என்று மூன்று கேள்வி போதும். தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பள்ளத்தின் படத்தையும் திகதியையும் கடிதத்தோடு இணைத்து, பதிவுத் தபாலில் போடுங்கள். பதில் கிடைத்தால் எந்த அலுவலகத்தின் படி ஏறுவது என்றாவது தெரியும்.