சாண் மீனும் அரைச்சாண் மீனும்

திருப்பத்தூருக்கும் சமுத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பக்கம் ஜவ்வாது மலை. இன்னொரு பக்கம் ஏலகிரி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐஸ் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு கடல் மீன் அந்த ஊருக்கு வந்து சேர்ந்து விடுகிறது.

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் மீன்காரம்மா கூறு கட்டி வைத்திருந்தார். எல்லாம் கானாங்கெளுத்தி. ஒரு கூறில் அரைச்சாண் மீன் பன்னிரண்டு. பக்கத்துக் கூறில் ஒரு சாண் மீன் மூன்று. இரண்டுக்கும் ஒரே விலை.

"பன்னிரண்டையே கொடும்மா. ஆளுக்கு இரண்டாவது வரும்" என்றாள் அக்கா.

எனக்குச் சந்தேகம். இரண்டு கூறையும் எதிர் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். மூன்று மீன்தான் கனம். அதுவும் ஏறக்குறைய இரு மடங்கு!

"தராசில் ஏதோ கோளாறுடா" என்றாள் அக்கா.

கோளாறு தராசில் இல்லை, நம் கண்ணில்தான். கண் நீளத்தை மட்டும் பார்க்கிறது. மீனோ நீளும்போதே பருக்கிறது, அகலவும் செய்கிறது. ஒரு மைசூர்பாகுத் துண்டை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டித்தால் எத்தனை துண்டுக்குச் சமம்? எட்டு! மீனும் அப்படித்தான். நீளம் இரு மடங்கானால் எடை சுமார் எட்டு மடங்கு. ஆகவே மூன்று சாண் மீன், இருபத்து நான்கு அரைச்சாண் மீனுக்குச் சமம். அக்கா பன்னிரண்டோடு திருப்திப்பட இருந்தாள்!

இந்தக் கணக்கை விஞ்ஞானிகளும் விடவில்லை. 1947-ல் தொடங்கி, நெடுநாள் மண்டபத்தில் இருந்து, 1971-ல் கொச்சிக்கு மாறிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், மீன் இறங்கும் துறைகளில் மீன்களை அளந்தும் நிறுத்தும் குறித்து வைக்கிறார்கள். ஓர் இனத்தின் கணக்கு பிடிபட்டு விட்டால், பிறகு நீளம் தெரிந்தாலே எடையைச் சொல்லி விடலாம். ஆடுகிற படகில் தராசு நிலைக்காது. அளவுகோல் நிலைக்கும் அல்லவா?

இனத்துக்கு இனம் கணக்கு மாறும். வாளை மீன் நாடாவைப் போல நீண்டுகொண்டே போகும், கனம் குறைவு. வவ்வால் மீனோ குட்டை. ஆனால் அகலத்தில் ஈடு கட்டிவிடும். ஒரே இனத்தில், ஒரே நீளத்திலும்கூட வித்தியாசம் உண்டு. நல்ல தீனி கிடைத்த மீன் கனக்கும். முட்டையிட்டு ஓய்ந்த மீன் மெலிந்திருக்கும். இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி மீன்களில் இந்த ஏற்ற இறக்கத்தை ஆராய்ந்து லெ கிரென் என்பவர் 1951-ல் எழுதிய கட்டுரையை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

சமையலறைக்கு அப்பாலும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு குஞ்சுகளும் இன்னும் சில மாதம் கடலில் இருந்திருந்தால்? எல்லாம் பிழைக்காதுதான், பெரிய மீன்கள் விழுங்கி விடும். பாதி பிழைத்தாலும் போதும். ஆறு மீன் நாற்பத்தெட்டு மீனின் எடையைத் தந்திருக்கும். அதற்குள் முட்டையும் இட்டிருக்கும். குஞ்சிலேயே அரித்துவிட்டால் நஷ்டம் மீனவருக்கு. அடுத்த ஆண்டு நமக்கும்தான்.

இதனால்தான் கேரளத்தில் கானாங்கெளுத்தி 14 சென்டி மீட்டருக்கும், மத்தி 10 சென்டி மீட்டருக்கும் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது என்று விதி செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகட்டும் என்றுதான்.

சகோதரிகளே, சின்ன மீன் எல்லாமே குஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள். நெத்திலி வளர்ந்தாலும் நெத்திலிதான், தாராளமாக வாங்கலாம். கானாங்கெளுத்திக்கு மட்டும் ஒரு தடவை கையை விரித்துச் சாண் வைத்துப் பாருங்கள்.

அக்கா கடைசியில் மூன்று மீனைத்தான் வாங்கினாள். ஆளுக்கு இரண்டு வேண்டுமே? ஒவ்வொன்றையும் நான்காக நறுக்கினாள். குழந்தைகள் எண்ணிப் பார்த்தார்கள். ஆளுக்கு இரண்டு துண்டு சரியாக இருந்தது!