எண்ணூர் வழக்கு டெல்லி போனால்... சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளால் என்ன முடியும், என்ன முடியாது?

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. படகு, வலை எல்லாம் கறுப்பு. அதே மாதம் 26-ம் தேதி, நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் கடலோரத்தில் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள்.

இரண்டு விவகாரங்களையும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. இதுபோன்ற வழக்குகளில் நாம் வழக்கமாகச் சொல்வது: “இங்க நியாயம் கிடைக்கலன்னா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிடலாம்.” போகலாம்தான். ஆனால், அங்கே உள்ள நீதிபதிகளின் கையிலும் ஒரு அளவுகோல் இருக்கிறது.

யாரும் மனு போடாமலே தீர்ப்பாயம் எப்படி விசாரிக்கிறது?

தீர்ப்பாயத்துக்கான 2010-ம் ஆண்டுச் சட்டத்தில் இது வெளிப்படையாக எழுதப்படவில்லை. மும்பை மாநகராட்சி தொடர்பான வழக்கில், 2021 அக்டோபர் 7-ம் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் மூன்று நீதிபதிகள் அமர்வுதான் ‘அந்த அதிகாரம் உண்டு’ என்று சொன்னது. அரசமைப்புச் சட்டத்தின் 141-வது பிரிவுப்படி, அங்கே சொல்லப்படும் சட்டம் நாடு முழுக்கச் செல்லும். மும்பை வழக்கின் தீர்ப்பு எண்ணூருக்கு உதவியது இப்படித்தான்.

மேல்முறையீடு செய்தால் எல்லாத்தையும் மறுபடி விசாரிப்பாங்களா?

மாட்டார்கள். தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து 90 நாட்களுக்குள் சுப்ரீம் கோர்ட் போகலாம். ஆனால், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் அந்த மேல்முறையீடு நிற்கும். எத்தனை வலை பாழானது, எத்தனை நாள் தொழில் நின்றது என்பதெல்லாம் சட்டக் கேள்விகள் அல்ல, நடந்த உண்மைகள். அவற்றைப் பொதுவாக டெல்லியில் புதிதாக எடைபோட மாட்டார்கள்.

நீதிபதிகள் நினைத்தபடி தீர்ப்பு எழுதலாமா?

எந்த வழக்கு எந்த அமர்வுக்கு என்பதைத் தலைமை நீதிபதி ஒதுக்குகிறார். இரண்டு நீதிபதிகள் அமர்வு, மூன்று பேர் அமர்வு சொன்னதை மாற்ற முடியாது. ‘முழுமையான நீதி’ வழங்க 142-வது பிரிவு தனி அதிகாரம் தருகிறது. அதையும் சட்டத்தின் இடைவெளியை நிரப்பத்தான் பயன்படுத்தலாம், இருக்கும் சட்டத்தைத் தள்ளிவைக்க அல்ல என்று 1998-ல் அந்த நீதிமன்றமே தனக்குக் கோடு போட்டுக்கொண்டது.

தீர்ப்பை யார் நடைமுறைப்படுத்துவது?

நீதிமன்றத்துக்கென்று தனிப் படை கிடையாது. அரசு அதிகாரிகள் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது 144-வது பிரிவு. மீறினால் அவமதிப்பு வழக்கு. வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், ‘மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும்’ என்ற கொள்கை நம் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் அறிவித்தது. ஆனால், தொடர்ந்து கண்காணிக்கும் வேலையைச் சென்னை உயர் நீதிமன்றத்திடம்தான் ஒப்படைத்தது.

அப்போ வடசென்னைக்காரங்க என்ன செய்யணும்?

வழக்கின் அஸ்திவாரம் சென்னையிலேயே போடப்படுகிறது. தேதியுடன் எடுத்த படங்கள், படகுப் பதிவு, மீன் விற்ற சீட்டு, ஆஸ்பத்திரி ரசீது ஆகியவை முதல் விசாரணையிலேயே பதிவாக வேண்டும். தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க, பாதிப்பு தொடங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு. 2023 டிசம்பர் பாதிப்புகளுக்கு, 2028 டிசம்பர் வரை.

முகத்துவாரத்தில் வலை வீசியவர் என்ன இழந்தார் என்பது இங்கே எழுதப்படாமல் போனால், டெல்லியில் எவ்வளவு நல்ல நீதிபதி அமர்ந்திருந்தாலும் அவர் படிக்க அந்தக் கோப்பில் எதுவும் இருக்காது.