காப்புரிமை கையில் இருந்தால் போதுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

அரசே ஆராய்ந்து கொடுத்த காப்புரிமையை நீதிமன்றம் ரத்து செய்யுமா?

செய்யும். காப்புரிமை கொடுத்ததாலேயே அது செல்லும் என்று உத்தரவாதம் இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. இயந்திரம், கருவி தொடர்பான வழக்குகளில் அடிக்கடி கிளம்பும் கேள்விகள் இரண்டு. தொழில் தெரிந்தவருக்கு இந்தக் கண்டுபிடிப்பு தானாகவே தோன்றியிருக்குமா? விண்ணப்பத்தைப் படித்து அவரால் செய்துகாட்ட முடியுமா?

இருக்கும் கருவியில் புதிதாக ஒரு மாற்றம் செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாதா?

எல்லா மாற்றமும் ஆகிவிடாது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பாத்திரம் கடைசல் பிடிக்கும்போது, தட்டை லேத்தின் தலைப்பக்கத்தில் சூட்டில் இளகும் பசையால் ஒட்டுவார்கள், அல்லது தாடைகளில் கவ்விச் சுழலவிடுவார்கள். எதிர்ப்பக்கம் தாங்கிப் பிடிக்க ஒன்றும் கிடையாது. வேகத்தில் தட்டு பிய்த்துக்கொண்டு பறக்கும். நிற்பவர் பாடு ஆபத்து. எதிர்ப்பக்கத்திலிருந்தும் அழுத்திப் பிடிக்கும் அமைப்புக்கு ஒரு நிறுவனம் 1951 முதல் செல்லும்படி காப்புரிமை பெற்றது. அதே ஊரின் இன்னொரு நிறுவனத்தோடு வழக்கு மூண்டது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி ரத்து செய்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 1978 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது: பல பத்தாண்டுகளாகத் தெரிந்த உத்தியைச் சற்று மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள், இது பட்டறையில் நடக்கும் சாதாரண மேம்பாடுதான், காப்புரிமை செல்லாது. தொழிலாளியைக் காத்த நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். காப்புரிமைத் தேதியிலிருந்து அதற்கு 27 ஆண்டுகள் ஆனதுதான் வேதனை.

தொழில் ரகசியத்தை விண்ணப்பத்தில் முழுவதும் எழுத வேண்டுமா?

எழுதத்தான் வேண்டும். அதற்கு ஈடாகத்தான் 20 ஆண்டு உரிமை கிடைக்கிறது. நமக்குத் தெரிந்த சிறந்த செய்முறையையும் சொல்ல வேண்டும் என்கிறது 10-வது பிரிவு. அமெரிக்காவில் சாயர், மேன் என்ற இருவர் காகிதத்தைக் கரியாக்கி பல்பு இழை செய்தார்கள். உரிமை கேட்டதோ நார்ப்பொருள் அனைத்துக்கும். ஆனால் இதே இழைக்காக எடிசன் 6,000-க்கும் மேற்பட்ட தாவரங்களைச் சோதித்த பிறகே தகுந்த மூங்கிலைப் பிடித்தார். எந்த நார் பயன்படும் என்று சொல்லத் தெரியாதவர்கள் எல்லா நாருக்கும் உரிமை கொண்டாட முடியாது என்று 1895-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

"எந்த டர்னருக்கும் தெரிந்த விஷயம், அதனால் எழுதவில்லை" என்று வாதாடலாமா?

வாதாடலாம். உடனே எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: "அவ்வளவு தெரிந்த டர்னருக்கு இந்தக் கருவியே தோன்றியிருக்காதா?" ஒரு கேள்விக்கு அவரைக் கெட்டிக்காரர் ஆக்கிவிட்டு, அடுத்ததற்கு ஒன்றும் அறியாதவர் ஆக்க முடியாது. இந்த இடத்தில் சறுக்கும் வழக்குகள் உண்டு.

நாங்கள் வருஷக்கணக்காகச் செய்வதற்கு வேறொருவர் காப்புரிமை வாங்கிவிட்டாரே?

காப்புரிமை வழங்கப்பட்ட அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள், தொழில் சம்பந்தம் உள்ளவர்கள் காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்ப்பு மனு கொடுக்கலாம். அந்தக் கெடு தாண்டினால் ரத்து கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம். இரண்டுக்கும் ஆதாரம் வேண்டும். தேதி போட்ட பழைய பில், வரைபடம், கேட்லாக் எதையும் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.