விம்பிள்டன்: சிபாரிசு வேண்டாம்... வரிசையில் நின்றால் போதும்!

லண்டனின் சவுத்ஃபீல்ட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் விம்பிள்டன் பூங்கா. டென்னிஸ் நடக்கும் அந்த இரண்டு வாரமும் புல்வெளி முழுக்கக் குட்டிக் கூடாரங்கள் முளைத்திருக்கும். சீட்டு விளையாடும் மாணவர்கள், மடக்கு நாற்காலியில் புத்தகம் படிக்கும் பாட்டிகள், போர்வைக்குள் குறட்டைவிடும் அப்பாக்கள்... இவர்களில் யார் கையிலும் டிக்கெட் கிடையாது. நாளைய ஆட்டத்தைப் பார்க்க இன்றே வந்து இடம்பிடித்தவர்கள் இவர்கள்.

1877-ல் தொடங்கிய விம்பிள்டன்தான் உலகின் மிகப் பழைமையான டென்னிஸ் தொடர். ராஜ குடும்பத்துக்குத் தனி மாடம், வீரர்களுக்கு வெள்ளை உடை எனக் கெடுபிடிக்குப் பெயர்போன இடம். சென்டர் கோர்ட்டில் 2021 முதல் 2025 வரை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு நிரந்தர இருக்கையின் விலை 80,000 பவுண்ட்! பொதுமக்களுக்கு 1924 முதல் குலுக்கல் முறை இருக்கிறது. ஆனால், பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டு, பெயர் விழ வேண்டுமே என்று காத்திருக்க வேண்டும்.

பணமும் இல்லை, குலுக்கலில் அதிர்ஷ்டமும் இல்லை என்பவர்களுக்குத்தான் இந்த 'க்யூ'.

ஒருவருக்கு ஒரு டிக்கெட்

வரிசையின் கடைசியில் போய் நின்றதும் தேதியும் எண்ணும் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். அதுதான் உங்கள் இடத்துக்குச் சாட்சி. அதை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. 'தம்பி வர்றான், இடம் வெச்சிருக்கேன்' என்பதெல்லாம் செல்லாது. கூடாரம் இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு மேல் இருக்கக்கூடாது. அடுப்பு மூட்டக்கூடாது. கழிவறைக்கோ கடைக்கோ போனால் அரை மணி நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். அதிகாலையிலேயே ஊழியர்கள் எல்லோரையும் எழுப்பி, கூடாரங்களைச் சுருட்டச் சொல்லிவிடுவார்கள்.

சென்டர் கோர்ட், ஒன்றாம் எண் கோர்ட், இரண்டாம் எண் கோர்ட் ஆகிய மூன்றுக்கும் தினமும் சுமார் 500 டிக்கெட்டுகள் வீதம் வரிசையில் நிற்பவர்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. சென்டர் கோர்ட்டுக்கு மட்டும் கடைசி நான்கு நாள்கள் இந்தச் சலுகை கிடையாது. இரவே வந்து படுத்தவர்களுக்கு இவை போய்விடும். காலையில் வருபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 'கிரவுண்ட் பாஸ்'தான். உள்ளே கூட்டம் நிரம்பிவிட்டால், யாராவது வெளியே வரும்வரை வாசலில் காத்திருக்க வேண்டியதுதான்.

கைக்கெட்டும் தூரத்தில் டென்னிஸ்

கிரவுண்ட் பாஸ் கிடைத்தவர்கள் முகம் வாடத் தேவையில்லை. சென்டர் கோர்ட்டில் 15,000 பேர் உட்காரலாம். பின்வரிசையில் இருப்பவர்களுக்குப் பந்து ஒரு புள்ளி. ஆனால், சிறிய வெளி கோர்ட்டுகளில் முதலில் வருபவருக்கே முதல் இருக்கை. வீரர் மூச்சு வாங்குவதும், தனக்குத்தானே திட்டிக்கொள்வதும் தெளிவாகக் கேட்கும்.

டென்னிஸ் வரலாற்றின் மிக நீளமான ஆட்டமும் இப்படி ஒரு சின்ன கோர்ட்டில்தான் நடந்தது. 2010-ல் 18-ம் எண் கோர்ட்டில் அமெரிக்காவின் ஜான் இஸ்னரும் பிரான்ஸின் நிக்கோலா மஹுவும் மூன்று நாள்களில் 11 மணி 5 நிமிடம் மோதினார்கள். கடைசி செட்டில் 47-47 வந்தபோது மின்னணு ஸ்கோர் போர்டே நின்றுபோனது. 70-68 என இஸ்னர் வென்றார். 800 பேர்கூட உட்கார முடியாத இடம் அது!

இரண்டாவது வாரம் ஜூனியர் போட்டிகளும் இந்த வெளி கோர்ட்டுகளுக்கு வரும். 1998-ல் ஜூனியர் பட்டம் வென்ற ரோஜர் ஃபெடரர் பிறகு எட்டு முறை விம்பிள்டன் சாம்பியன் ஆனார். நம்மூர் ராமநாதன் கிருஷ்ணன் 1954-ல் ஜூனியர் பட்டம் வென்று, 1960, 1961 இரண்டு ஆண்டும் பெரியவர்கள் பிரிவில் அரையிறுதி வரை போனார். மகன் ரமேஷ் கிருஷ்ணனும் 1979-ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார்.

கையில் என்ன எடுத்துப் போகலாம்?

குடை, தொப்பி, ஸ்வெட்டர் மூன்றும் கட்டாயம். லண்டனில் ஒரே நாளில் மூன்றும் தேவைப்படும். வீட்டுச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. விம்பிள்டனின் அடையாளமான ஸ்ட்ராபெர்ரியும் க்ரீமும் 2010 முதல் 2024 வரை ஒரே விலைதான்: 2.50 பவுண்ட். 2025-ல்தான் 20 பென்ஸ் கூட்டினார்கள்.

பெரிய கோர்ட்டுகளில் இருந்து சீக்கிரம் கிளம்புபவர்களின் டிக்கெட்டுகள் பிற்பகலில் குறைந்த விலைக்கு மறுவிற்பனைக்கு வரும். அந்தப் பணம் அறப்பணிகளுக்குப் போகிறது. அதுவும் கிடைக்காவிட்டால், ஒன்றாம் எண் கோர்ட் பக்கத்தில் உள்ள 'ஹென்மன் ஹில்' புல்மேட்டில் துண்டை விரித்து, ராட்சதத் திரையில் ஆட்டம் பார்க்கலாம்.

கோடையில் அங்கே இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். முதல்நாள் இரவு பூங்காவில் படுத்தவர், முதுகுவலியோடு அந்த மேட்டில் உட்கார்ந்து கடைசிப் பந்துவரை கைதட்டிக்கொண்டிருப்பார். ஆட்டம் முடிந்ததும் சிலர் வீட்டுக்குப் போகாமல், மறுபடியும் பூங்காவுக்கே நடப்பார்கள். அடுத்த நாளுக்கான வரிசை அங்கே ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.