கண்டி வக்கீலின் அச்சுக்கூடம்

தமிழில் வள்ளல் என்றதும் ஒரு முஸ்லிம் பெயர் தானாக வாயில் வரும்: கீழக்கரை சீதக்காதி. செத்தும் கொடுத்தவர் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தோம். கொடை என்றால் நமக்கு அன்னம், பொன், பஞ்ச காலத்தில் திறந்துவிட்ட நெற்களஞ்சியம். அந்த வரிசையில் கண்டியைச் சேர்ந்த ஒரு வக்கீலையும் அவருடைய அச்சுக்கூடத்தையும் சேர்க்க வேண்டும் என்று பம்பாய் மாட்டுங்காவில் டீ குடிக்கும்போது நான் பேச்சை எடுத்தால், "அச்சடிக்கிறது தொழிலாச்சே, அது எப்படித் தருமம் ஆகும்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இன்னொரு கட்டிங் டீ சொல்லிவிட்டுப் பொறுமையாகவே பார்ப்போம்.

முகம்மது காசிம் சித்தி லெப்பை 1838 ஜூன் 11ஆம் தேதி கண்டியில் பிறந்தார். தந்தையும் சட்டத் தொழில் பார்த்தவர். மகன் அரபும் தமிழும் ஆங்கிலமும் கற்று, 1860களில் வக்கீலானார். கண்டி நகரசபையில் இருந்தார், சில காலம் நீதிபதி ஆசனத்திலும் அமர்ந்தார். அந்தக் காலத்தில் இலங்கை முஸ்லிம்களில் இந்த உயரத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொழிலில் தொடர்ந்திருந்தால் தோட்டம், வீடு, வண்டி என்று வசதியாக இருந்திருப்பார். ஆனால் 1882இல் பத்திரிகை ஆரம்பித்தார். இரண்டொரு ஆண்டில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் கொழும்புக்கே வந்துவிட்டார்.

ஏன் என்று புரிய, அன்றைய பள்ளிக்கூட நிலைமை தெரிய வேண்டும். ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் பாதிரிமார் கையில் இருந்தது. ஆங்கிலம் தெரிந்தால்தான் கச்சேரி உத்தியோகம், வக்கீல் தொழில், வைத்தியம். ஆனால் அந்தப் பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்ற பயம் முஸ்லிம் பெற்றோருக்கு. அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்தப் பள்ளிகள் மதம் பரப்பவும்தான் நடந்தன, அதை அவர்கள் மறைத்ததுமில்லை. ஆகவே பையன் மதரசாவில் குர்ஆன் ஓதினான், கணக்குப் படிந்ததும் கடையில் உட்கார்ந்தான். பெண் பிள்ளைக்கு அதுவும் குறைவு. வியாபாரம் நடந்தது, ஆனால் சட்டம் இயற்றும் இடத்திலும் வழக்குத் தீர்க்கும் இடத்திலும் அந்தச் சமூகத்தின் குரல் இல்லை.

இதே நெருக்கடி யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கும் இருந்தது. ஆறுமுக நாவலர் என்ன செய்தார்? 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை, அதையொட்டி ஓர் அச்சுக்கூடம், பிள்ளைகளுக்குப் பாலபாடம். பள்ளி, அச்சு, பாடநூல் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. நாவலரை நன்றாக அறிந்த தமிழ்நாட்டு வாசகர்கள்கூடச் சித்தி லெப்பையைக் கேள்விப்படாமல் இருப்பது எனக்கு வருத்தம்தான். அவரும் அந்த மூன்றையும்தான் கையில் எடுத்தார். நாவலர் இறந்து மூன்று ஆண்டுகளில் இவருடைய பத்திரிகை வெளிவந்தது.

பத்திரிகையின் பெயர் 'முஸ்லிம் நேசன்'. முதல் இதழ் 1882 டிசம்பர் 21. வாராவாரம் தமிழில் வந்தது. வாரப் பத்திரிகை என்பது அன்று என்ன வேலை தெரியுமா? ஈய எழுத்துகளைப் பெட்டியின் சின்னச் சின்ன அறைகளில் பிரித்துப் போட்டிருப்பார்கள். அச்சுக் கோப்பவர் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்துகளை வரிவரியாக அடுக்குவார். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு எழுத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்றலாம். தமிழுக்கு உயிர்மெய் வடிவங்கள் கூடுதல், பெட்டியும் பெரிது, எழுத்து வாங்கும் செலவும் பெரிது. அடித்து முடித்ததும் அத்தனை எழுத்தையும் கழுவித் திரும்ப அதனதன் அறையில் போட்டால்தான் அடுத்த வாரத்துக்கு எழுத்து இருக்கும். காகிதம், மை, ஆள் கூலி, தபால் செலவு வேறு. படிக்கத் தெரிந்தவர்களே குறைவாக இருந்த ஒரு சமூகத்துக்காக இதை நடத்துவது வியாபாரக் கணக்கில் அடங்காது. அதனால்தான் இதை நான் கொடை என்கிறேன்.

காலமும் அப்படி அமைந்தது. 1882 செப்டம்பரில் தெல் எல் கபீர் போரில் எகிப்தின் அரபி பாஷா பிரிட்டிஷ் படையிடம் தோற்றார். அவரையும் தோழர்களையும் நாடு கடத்தினார்கள். எங்கே? இலங்கைக்கு. நேசன் பிறந்த மூன்றாவது வாரத்தில், 1883 ஜனவரியில், அவருடைய கப்பல் கொழும்பு வந்தது. 1901 வரை, பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். உலகச் செய்தி ஒன்று இலங்கை முஸ்லிம்களின் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. சித்தி லெப்பை அவரோடு நெருங்கிப் பழகினார். கல்வி இல்லாமல் விடிவில்லை என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

நம் பம்பாய் இந்தக் கதைக்குள் வருவது இதற்கப்புறம்தான். 1885இல் சித்தி லெப்பை 'அசன்பே சரித்திரம்' என்று ஒரு நாவல் எழுதி வெளியிட்டார். தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறி ஆறே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கதாநாயகன் எகிப்தில் பெரிய வீட்டுப் பிள்ளை, கைக்குழந்தையாகக் கடத்தப்படுகிறான். வளர்வது பம்பாயில். பிறகு கல்கத்தா போய்க் கல்வி கற்று, கடைசியில் பிறந்த மண்ணுக்குத் திரும்புகிறான். கண்டிக்காரர் ஏன் பம்பாயைப் பிடித்தார்? சூயஸ் கால்வாய் 1869இல் திறந்தபின், அரபிக் கடலில் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் நடுவே ஓடிய கப்பல்களுக்குப் பம்பாய்தான் பெரிய வாசல். கதையின் போக்கை அந்தக் கப்பல் பாதையே தீர்மானித்துக் கொடுத்திருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். அசன் பிழைப்பதும் உயர்வதும் படிப்பால். நாவலாசிரியர் பாடம் நடத்துகிறார் என்று குறை சொல்லலாம். சொல்பவர்கள் எந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக அது எழுதப்பட்டது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் நிஜப் பம்பாயிலும் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனுக்கு எதிரே அஞ்சுமன்-இ-இஸ்லாம் கட்டடத்தைத் தினமும் கடந்து போகிறோம். அந்தச் சங்கத்தை 1874இல் பத்ருத்தீன் தியாப்ஜியும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கினார்கள், மறு ஆண்டு அலிகாரில் சர் சையது அகமது கான் பள்ளி தொடங்கினார். தியாப்ஜிக்குப் பின்னால் பெரிய வணிகர்கள் நின்றார்கள், சர் சையதுக்கு நவாபுகள் உதவினார்கள். சித்தி லெப்பைக்கு அப்படிப்பட்ட பின்பலம் கிடையாது. கொழும்பு புதிய சோனகத் தெருவில் 1884இல் அவர் தொடங்கிய பள்ளி ஆதரவு இல்லாமல் நின்றுபோனது.

அவர் விடவில்லை. பத்திரிகையிலும் மேடையிலும் திரும்பத் திரும்பக் கல்வியைப் பற்றியே பேசினார். அரபு பயில்வோருக்குப் பாடநூல் எழுதினார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். அந்த ஆண்டுகளில் இதற்கு எத்தனை எதிர்ப்பேச்சு கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார் தோள்கொடுக்க, 1892 ஆகஸ்டில் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி மதரசத்துல் கைரிய்யத்துல் இஸ்லாமியா தொடங்கியது. பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி ஆனது அதுதான். அதே 1892இல் 'ஞான தீபம்' என்ற மாத இதழையும் கொண்டுவந்தார். 'அஸ்ராருல் ஆலம்' என்ற தத்துவ நூல் எழுதியவரும் இவரே. வக்கீல், பத்திரிகைக்காரர், சூஃபி ஞானம் பேசியவர் எல்லாம் ஒரே ஆள்.

இனி நண்பர்களின் கேள்வி. ஒருவர் இறந்த பிறகும் அவர் கணக்கில் நன்மை சேர்ந்துகொண்டே இருக்கும் காரியங்களாக நபிமொழி மூன்றைச் சொல்கிறது: நீடித்துப் பயன்தரும் தருமம், பிறருக்குப் பயன்படும் அறிவு, பெற்றவருக்காக இறைஞ்சும் நல்ல பிள்ளை. கிணறும் வழிப்போக்கர் தங்கும் முசாஃபிர்கானாவும் முதலாவதில் அடங்கும். இரண்டாவதை மார்க்க நூல்கள் மட்டும்தான் என்று சுருக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. கணக்கும் பூகோளமும் ஆங்கிலமும் மார்க்கத்தோடு ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்று ஒரு சமூகத்துக்குக் காட்டியதை எதில் சேர்ப்பது? என்னைக் கேட்டால், மூன்றில் முதல் இரண்டிலும் சேர்ப்பேன்.

சித்தி லெப்பை 1898 பிப்ரவரி 5ஆம் தேதி, அறுபதை எட்டும் முன்பே கண்டியில் காலமானார். மருதானைப் பள்ளி அப்போது ஆறு வயதுகூட நிரம்பாத குழந்தை. டி.பி. ஜாயா 1921இல் அதிபராகி இருபத்தாறு ஆண்டுகள் அதை வளர்த்தார். அடுத்து வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம். வசதியில்லாத மாணவர்கள் மேலே படிக்க 1945இல் ஒரு கல்வி உதவி நிதியை உருவாக்கியவர். அஸீஸ் பிறந்தது வண்ணார்பண்ணையில். படித்தது நாவலர் வழிவந்த சைவர்கள் நிறுவிய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில்.