கத்தியைத் தொடும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

பெக்கான் நானாஸில் மருத்துவராகும் கனவோடு எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் தம்பி தங்கைகளோடு பேசும்போது, 'கிரேய்ஸ் அனாட்டமி' தொடரைப் பற்றிய பேச்சும் வருகிறது. 2005-இல் தொடங்கிய அந்த அமெரிக்கத் தொடர் எனக்கும் பிடிக்கும். அதன் முதல் அத்தியாயத்திலேயே இளம் மருத்துவர்களுக்கு 48 மணி நேரப் பணி. ஜார்ஜ் என்ற புதியவரிடம் குடல்வால் அறுவைச் சிகிச்சையை ஒப்படைக்கிறார்கள். அவர் பதறிப்போகிறார்.

அந்தப் பதற்றத்தை நம்பலாம். ஆனால், அத்தனை சீக்கிரம் கத்தி கைக்கு வராது. நம் நாட்டில் பட்டம் பெற்றவர் முதலில் 2 ஆண்டுகள் பயிற்சி மருத்துவர். ரத்தம் எடுப்பதும் நோயாளிக் குறிப்புகள் எழுதுவதுமே அன்றாட வேலை. பிறகு கட்டாயச் சேவை. அறுவைச் சிகிச்சை நிபுணராக வேண்டுமானால் மேலும் 4 ஆண்டு முதுநிலைப் படிப்பு உண்டு.

இங்கே இன்னொரு சுமையும் இருக்கிறது. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டார்கள். நிரந்தர வேலையும் மேற்படிப்பு வாய்ப்பும் கேட்டு, 2021 ஜூலை 26-இல் ஒப்பந்த மருத்துவர்கள் நாடு முழுவதும் வெளிநடப்புச் செய்தார்கள்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. விண்ணப்பிக்கும் முன், உங்களுக்குத் தெரிந்த பயிற்சி மருத்துவர் ஒருவரிடம் பேசுங்கள். நேற்று எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எப்போது தூங்கினார் என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகும் ஆசை குறையவில்லையா? துணிந்து விண்ணப்பியுங்கள்.