கிளிஞ்சலுக்குக் கிடைக்காத சுண்ணாம்பு

"திருமயத்துல நான் பைக் ஓட்டுனா கோட்டைப்பட்டினத்துக் கடலுக்கு என்ன தம்பி ஆகும்? நடுவுல அறுபது கிலோமீட்டர் கெடக்கே!"

டீ கிளாஸை ஆற்றிக்கொண்டே கேட்ட அண்ணன் பழைய கொத்தனார். நியாயமான கேள்விதான்.

"ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ கரியமில வாயு வருதுண்ணே."

"லிட்டரே முக்கால் கிலோதானப்பா?"

பிடித்துவிட்டார். பெட்ரோலில் இருக்கும் கரி எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது. எடை அதனால்தான் ஏறுகிறது. வெளியே வந்த வாயுவுக்கு ஊர் எல்லை கிடையாது. உலகம் முழுக்க மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது.

தண்ணீரில் கரைந்தால் அது கார்பானிக் அமிலம். கோலி சோடாவில் இருப்பதும் அதுதான். அதற்காகக் கடல் சோடாவாகிவிடவில்லை, இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த பி.எச். அளவு இப்போது 8.1-க்கு அருகே வந்திருக்கிறது. பார்க்கச் சின்ன எண். ஆனால் அந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும், 0.1 இறங்கினாலே கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது.

"சரி, அதனால யாருக்கு நட்டம்?"

"கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசியிருக்கீங்கள்ல? அந்தக் கிளிஞ்சலுக்குத்தான்."

கடல்நீரிலுள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் சேர்த்துத்தான் சிப்பியும் சங்கும் பவளமும் ஓடு கட்டுகின்றன. அமிலம் கூடும்போது, அதிலிருந்து பிரியும் ஹைட்ரஜன் அயனி கார்பனேட்டைப் பிடித்துப் பைகார்பனேட்டாக்கிவிடும். கால்சியம் ஏராளமாக இருந்தும் கூட்டுச்சரக்கு கைக்கு வராது. முதலில் அடிபடுவது குஞ்சுகள். அமெரிக்காவின் ஆரிகன் கரையில் 2007 வாக்கில் சிப்பிக் குஞ்சுப் பண்ணைகளில் குஞ்சுகள் கூட்டமாகச் செத்தன; ஆழத்திலிருந்து மேலே வந்த, கரியமில வாயு மிகுந்த நீர்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

நம் மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010-லும் 2016-லும் வெளுத்ததற்குக் காரணம் வெப்பம். அந்தப் பழியை அமிலத்தின் மேல் போடுவது சரியாகாது. ஆனால் அடிபட்ட பவளம் திரும்ப வளர்வதை அமிலம் கடினமாக்கும். பாக் விரிகுடாவில் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. அங்குள்ள கடற்புல் பகலில் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. ஆவுளியா எனும் கடற்பசு மேயும் அந்தப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் கரையோரமாக, 2022-இல் அரசு காப்பகமாக அறிவித்தது.

"அப்ப பைக்க வித்துடவா?"

வேண்டாம். புதுக்கோட்டைக்குப் போய்வர நாற்பது கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு கிலோ வாயு. பஸ்ஸில் போனால் தலைக்கு இன்னும் குறையும். இந்தியர் ஒருவரின் ஆண்டுச் சராசரியே சுமார் இரண்டு டன்தான். அமெரிக்கருக்கு அதைப்போல் ஏழு மடங்கு. டீ கிளாஸ் அளவுச் சிக்கனத்தை ஏழையிடம் போதிப்பதில் எனக்கு விருப்பமில்லை. நான் பெரிய கணக்கைத்தான் பார்ப்பேன். ஒரு மூட்டை சிமென்டுக்குச் சுமார் 30 கிலோ வாயு. புதுக்கோட்டைக்குப் பதினைந்து தடவை பைக்கில் போய்வந்ததற்குச் சமம். ஒரு வீட்டுக்கு நூற்றுக்கணக்கில் மூட்டை. சிமென்டுக்கு வெட்டும் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லே பழைய கடலடிதான். சிமென்டுக்குப் பதில் சுண்ணாம்பு பூசினாலும் சூளை வேண்டும், புகையும் உண்டு. ஆனால் கல்லிலிருந்து போன வாயுவில் பெரும்பகுதியைப் பூச்சு இறுகும்போது சுவர் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அதனால் நிற்கிற செட்டிநாட்டுச் சுண்ணாம்பு வீட்டை இடிக்காமல் பழுது பார்ப்பதே மேல் என்றேன்.

"பாக்கலாம். ஆனா சுண்ணாம்பரைச்சுப் பூசத் தெரிஞ்ச கைக்கு எங்க போறது? எம் மகனே சிமென்ட்டு வேலைதான் பாக்குறான்" என்றார் அண்ணன்.